கம்பளியின் கோடை

வெள்ளிக்கிழமை அழகையா வருவான், கம்பளிக்கு முழு மொட்டை போட்டுவிடலாம் என்று மேனேஜர் வீட்டம்மா சொன்னதும் தங்கையா, "சரிங்கம்மா" என்றான். எதற்கும் அவனிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது.

கம்பளி என்பது நாய். முன்பிருந்த வெள்ளைக்காரத் துரை வடக்கே பனிமலைப் பக்கத்திலிருந்து குட்டியாகக் கொண்டுவந்தது. அவர் வைத்த இங்கிலீஷ் பெயர் அவர் கப்பலேறியதோடு போய்விட்டது. கொழுந்து பறிக்கிற பெண்கள் மழைக்குப் போர்த்திக்கொள்கிற கம்பளிதான் அதைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது போலும். அந்தப் பெயரே நின்றுவிட்டது. சாம்பலும் வெள்ளையுமாக, கழுத்தைச் சுற்றிச் சாண் நீள மயிரோடு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே அது நடந்து வந்தால் பனியில் ஒரு துண்டு கழன்று வருவது போலிருக்கும்.

குன்னூருக்கு மேலே இருந்தது அந்த எஸ்டேட். மேனேஜர் ஆறுமுகசாமிக்கு நெஞ்சு வலி வந்து, இனி மேட்டில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சித்திரை வெயிலுக்குப் பயந்து ஊரெல்லாம் சீசனுக்கு மலையேறி வருகிற நாளில் அவர்கள் கோயமுத்தூருக்கு இறங்கிப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை புறப்பாடு. கம்பளியும் உடன் போகிறது.

"நாம ஃபேனைப் போட்டுட்டுப் படுத்துக்குவோம். வாயில்லாச் சீவன் என்ன பண்ணும்?" என்றாள் சாந்தாமணி, மேனேஜரின் மனைவி. "இத்தன மயிரச் சொமந்துட்டு அங்கத்த வெயில்ல ஒரு வாரம் தாங்குமாங்க? இப்பவே பாருங்க, எப்படி எறைக்குதுன்னு."

உண்மைதான். இரண்டு வாரமாகக் கம்பளி சரியாகச் சாப்பிடவில்லை. பகலெல்லாம் சமையல்கட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தபடி கிடந்தது. சாந்தாமணி தன் கையால் மோர் கரைத்து வைத்தாள். அதையும் நக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

தங்கையாவுக்கு இருபத்தெட்டு வயது. சிலோனில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து பி.ஏ. வாங்கியவன். மலைநாட்டில் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டராக இருந்தான். ஒரு வருடத்துக்கு முன்னால் மனைவி மரகதத்தோடும் ஒரு தகரப் பெட்டியோடும் கப்பலில் வந்து இறங்கினான். இந்த எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தபோது பெட்டி மட்டும் இருந்தது. ஆபீசில் கிளார்க் வேலை தருவதாகச் சொன்னார்கள். சான்றிதழ்களின் நகல்களைச் சரிபார்க்க எங்கோ அனுப்பினார்கள். வரும்வரை பங்களாவில் விறகு, தோட்டம், நாய். பத்து மாதம் ஆகிவிட்டது. அவன் ஒருமுறைகூடப் போய்க் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்துப் பக்கம் அழகையா எதிர்ப்பட்டான். அவனும் சிலோனிலிருந்து வந்தவன்தான். லயத்து ஆண்களுக்கெல்லாம் அவன்தான் முடிவெட்டுபவன். ஐம்பது வயது, தலையில் ஒரு மயிர் கிடையாது.

"மாஸ்டர், நாய்க்கு மொட்டையாமே. பழனிக்கு நேர்த்தியா?"

"வெயிலுக்கு."

"போட்டுடலாம். ஆனா ஒண்ணு. அந்தச் சடையில நம்ம மிஷின் ஓடாது. பல்லு ஒடிஞ்சுதுன்னா என் பொழப்பு போச்சு. மொதல்ல சிக்கெடுத்து வைங்க."

"நாய்க்கா?"

"பின்ன, எனக்கா?" என்று தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு போனான் அழகையா.

அப்படித்தான் தங்கையா சிக்கெடுக்க உட்கார்ந்தான். மொட்டைக்கு ஆயத்தமாகத்தான்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது பங்களாவுக்குக் கீழே தேயிலைச் சரிவு முழுவதும் பனி நிறைந்திருந்தது. சில்வர் ஓக் மரங்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. பங்களா டிரைவர் மரியஅந்தோணி ஊட்டிக் குதிரை லாயத்திலிருந்து ஒரு பழைய இரும்புச் சீப்பு வாங்கி வந்து கொடுத்திருந்தான். தங்கையா கம்பளியைப் புல்லில் படுக்கவைத்து முதுகில் சீப்பை இழுத்தான். மேல் மயிர் அழகாகப் படிந்தது. சீப்பு உள்ளே போகவில்லை.

விரலால் பிரித்துப் பார்த்தான். நீளமான மேல் மயிருக்கு அடியில் இன்னொரு மயிர் இருந்தது. பஞ்சு போல, குட்டையாக, தோலை ஒட்டி. குளிர்காலம் முடிந்ததும் உதிர வேண்டியது அது. உதிர்ந்திருந்தது, ஆனால் வெளியே போக வழியில்லாமல், மேல் மயிரில் சிக்கி, லயத்துக் குழந்தைகள் விளையாட்டாக ஊற்றிய தண்ணீரில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, சாக்கு தைத்தது போல உடம்பை இறுக்கிக்கொண்டிருந்தது. அடிவயிற்றில் தோல் சிவந்து கன்றியிருந்தது. அங்கே தொட்டால் அடுப்புமேடையைத் தொட்டது போல் சுட்டது.

இரும்புச் சீப்பை இழுத்தால் நாய் முனகியது. தங்கையா சீப்பைக் கீழே வைத்தான். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்தான்.

கப்பல் சீட்டுகளுக்கும் அவனுடைய பட்டத்துக்கும் அடியில், ஒரு சேலைத் துண்டில் சுற்றி, மரகதத்தின் சிணுக்கோலி இருந்தது. ஒரு சாண் நீளம், மான்கொம்பில் செய்தது, முனை மட்டும் கூர். பெண்கள் தலையில் சிக்கெடுக்கிற கோல். அவளுக்கு அவள் அத்தை கொடுத்தது. பெட்டியில் அது இருப்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் பெட்டியைத் திறக்காமல் இருந்தான்.

சிணுக்கோலியின் முனையை ஒரு சிக்கின் நுனியில் நுழைத்து மெல்ல அசைத்தான். வேரிலிருந்து தொடங்கக் கூடாது; நுனியிலிருந்து வேருக்குப் போக வேண்டும். யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. பார்த்திருக்கிறான். லயத்து வீட்டின் முன்திண்ணையில், அந்த இஸ்தோப்பில், கால் நீட்டி உட்கார்ந்து, இடுப்புக்குக் கீழே விழுகிற முடியை மடியில் அள்ளிப்போட்டுக்கொண்டு மரகதம் சிக்கெடுப்பதை மூன்று வருடம் பார்த்திருக்கிறான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும். "என்னா பாக்குறீங்க, போங்க" என்பாள். போக மாட்டான்.

ஒரு சிக்கு அவிழ்ந்தது. அதிலிருந்து பஞ்சு புகை மாதிரி வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கம்பளி ஒரு பெருமூச்சு விட்டு அவன் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டது. வந்த பஞ்சைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்தான். காற்று அதை எடுத்துக்கொண்டு போய்ச் செடிகளின் மேல் போட்டது. கொழுந்து பறித்து மேசை போல் மட்டமான பச்சையில் சின்னச் சின்ன மேகங்கள் உட்கார்ந்தன. கொண்டைக்குருவி ஒன்று வந்து அலகு நிறையக் கவ்விக்கொண்டு போனது. பிறகு அதன் சோடி வந்தது. எது பனி, எது நாயின் பஞ்சு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கை தானாக வேலை செய்தது. மணி அடித்ததும், பேர் கொடுக்கப் பிரட்டுக்களத்துக்கு ஆட்கள் போனதும், வெயில் ஏறியதும் எங்கோ தூரத்தில் நடந்தன.

ஒரு தடவை பஞ்சை உருட்டி, தூ தூ தூ என்று மூன்று முறை துப்பி, கீழே எறிந்தான்.

எறிந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. சீப்பில் வந்த முடியைச் சுருட்டித் துப்பி எறிவது மரகதம் செய்வது. அப்படி எறியாவிட்டால் காக்கை கூட்டுக்குக் கொண்டுபோகும், தலைவலி வரும் என்பாள். தங்கையா எறிந்த உருண்டையைப் பார்த்தான். விரல்களில் பஞ்சின் கதகதப்பு ஒட்டியிருந்தது. பல மாதங்களாக அந்தக் கைக்கு எதுவும் உறைக்காமல் இருந்தது.

புதன்கிழமையும் அதே வேலை. வயிறு, தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால். ஒரு மாவுச் சாக்கு நிறையப் பஞ்சு வந்தது. நாய் பாதியாக இளைத்தது போலிருந்தது. ஆனால் மேல் மயிர் ஒன்றும் குறையவில்லை. காற்றடித்தால் அது நாணல் மாதிரி பிரிந்து சேர்ந்தது.

அன்று மத்தியானம் கம்பளி சிமெண்டுத் தரையில் இல்லை. தேடிப் போனான். சில்வர் ஓக் நிழலில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நாக்கு வாய்க்குள் இருந்தது. மோர்ச்சட்டி காலி. நிழல் விலகி நாயின் முதுகில் வெயில் விழுந்திருந்தது. தங்கையா குனிந்து மேல் மயிரைத் தொட்டான், சூடாக இருந்தது. விரலை உள்ளே விட்டான். உள்ளே ஓடைக்கல்லின் அடிப்பக்கம் போல் குளுமை.

அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

மேலே இருப்பது போர்வை இல்லை, கூரை. வெயிலுக்குப் பயந்து யாராவது கூரையைப் பிரிப்பார்களா? அடியில் அடைத்துக்கொண்டிருந்ததைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மேலே இருப்பதையும் எடுத்துவிட்டால், கோயமுத்தூர் வெயில் நேராகத் தோலில் இறங்கும்.

வியாழக்கிழமை மூன்று முறை சமையல்கட்டு வாசல்வரை போனான். சாந்தாமணி சாமான்களை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க தங்கையா?"

"ஒண்ணுமில்லீங்கம்மா."

மூன்றாவது முறை அவள் சிரித்துவிட்டாள். "பசிக்குதுங்களா? உக்காருங்க, போட்டுத் தாரேன்."

"சாப்டாச்சுங்க."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அழகையா வந்தான். தோல்பையிலிருந்து மிஷினை எடுத்து எண்ணெய் விட்டான். கம்பளியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தான்.

"மாஸ்டர், இது நம்ம நாய்தானா? கல்யாண மாப்புள்ள மாதிரி இருக்கு. நீங்க பள்ளிக்கொடத்துக்குப் போனதுக்கு எங்கூடத் தொழிலுக்கு வந்திருக்கலாம்."

தங்கையா நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். அழகையா பின் தொடையிலிருந்து தொடங்கினான். மிஷின் கடகடவென்று ஓடியது. உள்ளங்கை அளவுக்கு மயிர் ஒரே பாளமாகக் கழன்று விழுந்தது. அடியில் இளஞ்சிவப்பாக, கூச்சத்தோடு, தோல் தெரிந்தது.

கம்பளி திரும்பிப் பார்த்தது. குரைக்கவில்லை, இழுக்கவில்லை. வெறுமையான அந்த இடத்தில் மூக்கை வைத்துத் தேடியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்துத் தேடியது.

கப்பலிலிருந்து இறங்கியதும் தங்கவைத்த கடலோர முகாமில் தகரக் கூரைக்கு அடியில் மரகதம் காய்ச்சலில் கிடந்தாள். குளிரில் பிறந்து வளர்ந்த உடம்பு. முடியை எடுத்தால் தலைச்சூடு இறங்கும், காய்ச்சல் விடும் என்று பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் சொன்னார்கள். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அவனிடம் கேட்டார்கள். அவன் சரி என்றான். கத்தரிக்கோல் ஒன்று எங்கிருந்தோ வந்தது. சாயங்காலம் அவள் கண் விழித்து, கையைத் தலைக்குக் கொண்டுபோனாள். தடவினாள். கையை இறக்கிப் பாயில் தேடினாள். மறுபடி தலைக்குக் கொண்டுபோனாள். எங்கே என்று கேட்கவில்லை. அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"வேணாம்" என்றான் தங்கையா.

"என்னா வேணாம்?"

"போதும். நிறுத்துங்க."

"இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கேன். அரைகொறையா வுட்டா பாக்குறவன் என்னையத்தானே சொல்லுவான். கைய எடுங்க மாஸ்டர்."

தங்கையா கையை எடுக்கவில்லை. மிஷினுக்கும் நாய்க்கும் நடுவே வைத்துவிட்டான். அழகையா மிஷினை நிறுத்தினான். தங்கையாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

சத்தம் நின்றதும் சாந்தாமணி வெளியே வந்தாள். "அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்றவள் நாயைப் பார்த்து நின்றாள்.

"வெட்ட வேணாங்கம்மா."

இந்த ஆள் வேண்டாம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. "ஏனுங்க?"

"கை வச்சுப் பாருங்க. இங்க. உள்ள விட்டு." அவள் குனிந்து கழுத்து மயிருக்குள் விரலை விட்டாள். "இப்ப இங்க." வெட்டிய இடத்தில் இவ்வளவு நேரமும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்தாள்.

அவள் எளிதில் சரி என்கிறவள் இல்லை. "மலைக்காத்துக்கு எல்லாமே குளுகுளுன்னுதானுங்க இருக்கும். கீழ போனா? நீங்க படிச்சவரு, சரி. அங்கத்த வெயிலப் பத்தி உங்களுக்கென்ன தெரியும்? கீழ எத்தன நாள் இருந்திருக்கீங்க?"

"நாப்பத்தோரு நாள்" என்றான் தங்கையா. பிறகு, நிறுத்தாமல், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல, "காச்சல் எறங்கும்னு என் சம்சாரத்துக்கு முடி வெட்டுனாங்க. நான் சரின்னேன். காச்சலும் எறங்கல. அவளுக்குக் கடைசியா அது ஒண்ணுதான் இருந்திச்சு. நான் சரின்னுட்டேன்."

அழகையாவின் பீடி கையிலேயே புகைந்தது. கம்பளி ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டது.

சாந்தாமணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். திட்டுவது போல்தான் பேசினாள். "ஞாயித்துக்கெழம சாமான் வண்டியில நீங்களும் வாங்க. பத்து நாள் கூட இருந்து பழக்கிட்டு வாங்க. அது தாங்கலீன்னா, சொல்லிட்டேன், நானே கத்திரிய எடுத்துருவேன்."

கீழே. அவன் வந்ததிலிருந்து குன்னூரைத் தாண்டி இறங்கியதில்லை. பர்லியாருக்கு அந்தப் பக்கம் ஒரு உலகம் இருப்பதையே மறந்திருந்தான். சரி என்ற சொல் வழக்கம்போல் வாய்க்கு வந்தது. அவன் அதை ஒருமுறை நிறுத்திப் பார்த்தான். பிறகுதான் சொன்னான்.

"சரிங்கம்மா. வாரேன்."

"எனக்குக் கூலி?" என்றான் அழகையா. "உள்ளங்கையளவுக்கு வெட்டியிருக்கேனே."

"பஞ்சு ஒரு சாக்கு இருக்கு. தலைகாணி தச்சுக்கோ" என்றாள் சாந்தாமணி.

"வழுக்கைக்கு மெத்துன்னு இருக்கும்" என்று ஒப்புக்கொண்டான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை கருக்கலில் வண்டி புறப்பட்டது. மேனேஜரும் அம்மாவும் காரில் முன்னால் போனார்கள். மரியஅந்தோணி ஓட்டிய வேனில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே தங்கையாவும் கம்பளியும். கீழே நனைத்த சாக்கு, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். பாதத்திலும் அடிவயிற்றிலும் மட்டும் தண்ணீர் தொட்டுவைத்தான். முதுகில் ஊற்றவில்லை.

"ஏனுங்க சிலோன், நாய்க்கு நீங்க காவலா, உங்களுக்கு நாய் காவலா?" என்றான் மரியஅந்தோணி முன்னாலிருந்து.

"ரெண்டுந்தாங்க."

மரியஅந்தோணி திரும்பிப் பார்த்தான். இவ்வளவு நாளில் அந்த ஆள் தனக்குப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

காட்டேரி தாண்டும்வரை பனி கூடவே வந்தது. வளைவுக்கு வளைவு அது மெலிந்தது. பர்லியாரில் பலாப்பழ வாசனை வந்தது. பாக்கு மரங்கள் தொடங்கின. வெயில் ஏறி இரண்டு வளைவு தாண்டியதும் காற்று மாறியது. தங்கையாவுக்கு அந்தக் காற்றைத் தெரியும். தகரத்தில் காய்ந்து வந்த காற்று. சட்டை முதுகோடு ஒட்டியது. கண்ணை மூடினால் பாய் தெரிந்தது, பாயைத் தடவுகிற கை தெரிந்தது. திறந்துகொண்டான்.

கம்பளி எழுந்து உட்கார்ந்தது. இரைத்தது. நாக்கு வெளியே வந்திருந்தது. சன்னலில் வந்த வெயில் நேராக அதன் பின் தொடையில், அழகையா வெட்டிய இடத்தில் விழுந்தது.

தங்கையா உள்ளங்கையை அந்த இடத்தின் மேல் வைத்து மூடினான். அளவு சரியாக இருந்தது. வெயில் இப்போது அவன் புறங்கையில் அடித்தது. சுட்டது. சுடுவது நன்றாகத் தெரிந்தது.

"அண்ணே, கல்லார்ல நிறுத்துங்க."

"எதுக்கு? கார் முன்னால போயிரும்."

"போகட்டும். ஆத்துல எறக்கணும்."

கல்லாற்றில் கோடைத் தண்ணீர் முழங்கால் அளவுதான். மலையிலிருந்து அப்போதுதான் வந்த தண்ணீர். கம்பளி தானாகவே இறங்கி, வயிறு நனைகிறவரை போய், பாறைக்கு நடுவே நின்றது. தங்கையாவும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினான். மேலே இலைகள் வழியே வெயில் சல்லடையாக விழுந்தது. நாயின் இரைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வாயை மூடிக்கொண்டு அது தண்ணீரைப் பார்த்தது.

அவன் குனிந்து அதன் கழுத்து மயிருக்குள் கையை விட்டான். மேலே சூடு. உள்ளே போகப் போக, செவ்வாய்க்கிழமை விடிகாலை இன்னும் இருந்தது. பனியும், சில்வர் ஓக் மரங்களின் தலையும், பஞ்சைக் கவ்விப்போன குருவியும். அதற்கும் உள்ளே ஒரு இஸ்தோப்பு. முடியை மடியில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஒருத்தி, என்னா பாக்குறீங்க, போங்க என்றாள்.

"போலாமா?" என்று மேலேயிருந்து கூப்பிட்டான் மரியஅந்தோணி. "இன்னும் நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் இருக்குது. வெயில் ஏறிரும்."

"ஏறட்டும். அது தாங்கும்."

கம்பளி கரையேறி உதறியது. தங்கையாவும், இறங்கி வந்த மரியஅந்தோணியும் நனைந்தார்கள். வண்டியில் ஏறியதும் தங்கையா உள்ளங்கையை மறுபடி அந்த இடத்தின் மேல் வைத்துக்கொண்டான். மேட்டுப்பாளையம் தாண்டியும் எடுக்கவில்லை.